ஆறு கட்டில் வீடு

அந்தப் பண்ணை வீட்டில் எட்டுக் கட்டில்கள் இருந்தன. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். ஏனென்றால் தம்பிக்காரன் தன் அண்ணனிடம் ஆறு என்று சொல்லிவிட்டான்.

பொய் சொல்லிப் பழக்கப்பட்ட ஆள் இல்லை அவன். ஒரு பொறியாளர் அலுவலகத்தில் பதினெட்டு வருஷமாக வீட்டு வரைபடம் போடுகிறவன். படத்தில் ஒரு சுவர் விரற்கடை நகர்ந்திருந்தால் அன்றைக்கு முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டான். குளியலறைக் கதவு உள்பக்கம் திறக்க வேண்டுமா வெளிப்பக்கமா என்று வீடு கட்டுகிறவரோடு ஒரு வாரம் மல்லுக்கு நின்றிருக்கிறான். அப்பேர்ப்பட்ட மனுஷன் எட்டை ஆறாக்கினான் என்றால் அதற்குப் பெரிய காரணம் ஏதாவது இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. நகரத்தை விட்டு நான்கு மணி நேரம் தள்ளி, ஏரிக்கரையில், தோப்புக்கு நடுவே இருந்த அந்த வீட்டை நான்கு நாளைக்குப் பேசி வைத்திருந்தான். அவன், மனைவி, மகள் என்று மூன்று பேர். மனைவியின் அக்கா, அவள் புருஷன், அவர்கள் மகள் என்று இன்னும் மூன்று பேர். மிச்சம் இரண்டு கட்டிலுக்கும் அண்ணனும் அண்ணியும் அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியிருப்பார்கள். அவர்கள் மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் இரண்டே பேர். ஏரி, தோணி, மீன் என்று யாராவது பேச்செடுத்தால் போதும், அண்ணனுக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும்.

சிக்கலே அந்த வாய்தான்.

அண்ணன் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் தலைமைச் சமையல்காரர். ஷிப்டுக்கு நானூறு பேர். இயந்திர இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசியே பழகிப்போனவர், நாலு பேர் இருக்கிற அறையிலும் நானூறு பேருக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். சாப்பிடும்போது சப்புக்கொட்டுவார். தம்பியைச் சின்ன வயதில் வைத்த பட்டப்பெயரில்தான் இன்றைக்கும் கூப்பிடுவார்: கொசு. அப்போது அவன் ஒல்லிப் பிச்சானாக இருந்தான். எந்நேரமும் யார் காதோரமாவது நின்று முனகிக்கொண்டிருப்பான். இப்போது வயது நாற்பத்திரண்டு, சட்டையின் கீழ்ப் பொத்தான் மூட மறுக்கிறது, ஆனாலும் கொசு.

போன வருஷம் சகலை புது வீட்டுக்குக் குடிபோனபோது ஒரு விருந்து வைத்தார். சகலை கல்லூரிப் பேராசிரியர். ஒரு வாக்கியம் சொல்வதற்கு முன் இரண்டு தரம் யோசிக்கிறவர்; சொல்லும்போதும் பாதிக் குரலில்தான் சொல்வார். அவர் வீட்டுக் கூடத்தில் முப்பது பேருக்கு நடுவே அண்ணன் ஆரம்பித்தார்: "எங்க கொசு ஏழு வயசுல ஜன்னல் கம்பிக்குள்ள தலையை விட்டுட்டான்." எண்ணெய் ஊற்றி இழுத்தது, வரவில்லை என்றதும் சோப்பு நுரை போட்டது, பக்கத்து வீட்டுக்காரர் ரம்பத்தோடு வந்து கம்பியை அறுக்கவா கழுத்தை அறுக்கவா என்று கேட்டது, எதையும் விடவில்லை. கூடமே குலுங்கியது. சகலை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தம்பிக்காரன் தட்டும் கையுமாக நின்றான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. முப்பது பேர் முன்னால் அண்ணன் தன் மானத்தை வாங்கிவிட்டதாக அவனுக்குப் பட்டது. சகலை இருக்கிற இடத்துக்கு இனி அண்ணன் வேண்டாம் என்று அன்றைக்கே மனதுக்குள் கோடு போட்டுவிட்டான்.

பண்ணை வீட்டு விஷயத்தைப் போட்டு உடைத்தது அவன் மகள்தான். பெரியப்பாவோடு போனில் பேசும்போது ஏரி, தோணி, குன்று என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மறுநாள் காலை அலுவலகத்தில் இருந்தவனுக்கு அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"என்னடா கொசு, ஏரிக்குப் போறீங்களாமே? சொல்லவே இல்லை."

"சொல்லணும்னுதாண்ணே இருந்தேன். சகலை வீட்டுக்காரங்க திடீர்னு..." என்று இழுத்தான். அண்ணன் காத்திருந்தார். காத்திருக்கிறார் என்பது போனிலேயே தெரிந்தது. "வீடு ரொம்பச் சின்னதுண்ணே. ஆறு கட்டில்தான் இருக்கு."

அந்தப் பக்கம் பெரிய பாத்திரம் ஒன்றை யாரோ தரையில் இழுத்துக்கொண்டு போனார்கள். 

"ஆறுன்னா ஆறுதான், அதுக்கென்ன," என்றார் அண்ணன். "சாப்பாட்டுக்கு என்ன பண்ணப் போறே? அவங்க போடுவாங்களா?"

"இல்லண்ணே. சமையலறை இருக்கு, நாமதான் பாத்துக்கணும்."

"நீயா? முட்டையை உடைச்சா பாதி ஓட்டோட சட்டியில போடற ஆளு நீ. ஞாயித்துக்கிழமை வரேன், உக்காந்து எழுதிடலாம்."

வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை. அன்று சாயங்காலம் மனைவி, "மாமா வராருல்ல?" என்று கேட்டாள். "கேட்டேன், லீவு கிடைக்காதாம்," என்றான். இதோடு பொய் இரண்டு ஆயிற்று. இரண்டையும் ஒன்றோடொன்று சந்திக்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை வேறு வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருகிற நேரம் பார்த்து, குன்று ஏறுவதற்குக் காலணி வாங்கிவரச் சொல்லி மனைவியையும் மகளையும் கடைக்கு அனுப்பிவிட்டான். அண்ணன் கேன்டீனில் வாராந்தரப் பட்டியல் எழுதுகிற நீள நோட்டோடு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். காதில் பென்சில்.

"முதல்ல சாப்பாட்டை எழுதக் கூடாது," என்றார். "ஆளுங்க என்ன வேலை பாக்கப் போறாங்கன்னு எழுதணும். மூட்டை தூக்கற ஷிப்டுக்கு ஒரு சாப்பாடு, உக்காந்து திருகாணி முடுக்கற ஷிப்டுக்கு ஒரு சாப்பாடு. மாத்திப் போட்டா ஒருத்தன் மயங்கிடுவான், ஒருத்தன் தூங்கிடுவான். சொல்லு, முதல் நாள் என்ன?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்ச் சேருவோம். சாயங்காலம் கரையில ஒரு நடை."

"பயணம் பண்ணி வந்த வயிறு. எண்ணெய் ஆகாது. சோறு, பருப்பு, வெள்ளரிக்காய், தயிர். ரெண்டாம் நாள்?"

"குன்று ஏறறது. மேல போக ரெண்டு மணி நேரமாம்."

"அப்ப கையில பிடிச்சுத் திங்கற மாதிரி இருக்கணும். உச்சியில போய்த் தட்டைத் தேடிட்டு நிக்கக் கூடாது. அவிச்ச முட்டை, உருளைக்கிழங்கு வச்ச ரொட்டி, ஆளுக்கு ரெண்டு வாழைப்பழம்." எழுதிக்கொண்டே வந்தவர் பென்சிலை நிறுத்தினார். "உன் சகலைக்கு முட்டி வலி உண்டே. பாதி வழியில உக்கார இடம் இருக்கான்னு கேட்டு வச்சுக்கோ. உக்காந்தா அவரைத் தனியா விட்டுட்டுப் போயிடாதீங்க. நீயும் கால் வலிக்குதுன்னு சொல்லிட்டுக் கூட உக்காரு. இல்லைன்னா மனுஷன் சங்கடப்படுவாரு."

"முட்டி வலின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அன்னைக்கு அவர் வீட்டு மாடிப்படியில கைப்பிடியை விடாம ஏறினாரே. நீ பாக்கலையா?"

அவன் பார்க்கவில்லை. சகலையின் சங்கடத்தைப் பற்றி இவர் யோசிக்கிறார், நாம் எதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்று அவனுக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்தச் சுருக்கை அப்படியே விழுங்கிவிட்டு, மூன்றாம் நாள் தோணியில் போய் மீன் பிடிப்பது என்றான்.

"மீன் கிடைச்சா பொரிக்க மசாலா தனியா கட்டித் தரேன். கிடைக்காது, அதனால ஒரு கோழிக் குழம்பும் எழுதிக்கறேன்."

"ஏண்ணே கிடைக்காது?"

"நீ தூண்டில் போட்டா மீன் கரையேறி வந்து உன்னை விசாரிச்சுட்டுத்தான் போகும்." அவரே சிரித்துக்கொண்டார். "நாலாம் நாளை விடு, கிளம்பற நாள், இருக்கறதைக் கிளறிச் சாப்பிட்டுக்கலாம். மழைக்கு என்ன வச்சிருக்கே?"

"மழைக்கா?"

"மழைக்கும் ஒரு நாள் எழுதணும்டா. வெளிய போக முடியாம அடைஞ்சு கிடந்தா பிள்ளைங்க மணிக்கு ஒருதரம் பசிக்குதுன்னு வந்து நிக்கும். சூப்பு, வறுத்த கடலை, அவிச்ச சோளக்கதிர். எல்லாம் ஆறு பேருக்கு." தலையைச் சொறிந்தார். "நானூறு பேருக்கு அளந்த கை. ஆறு பேருக்கு அளக்கவே வரமாட்டேங்குது."

ஆறு, ஆறு என்று ஒவ்வொரு வரியிலும் சொன்னார். முட்டை ஆளுக்கு இரண்டு, ஆறு பேர், பன்னிரண்டு. வாழைப்பழம் பன்னிரண்டு. ஒவ்வொரு ஆறுக்கும் தம்பிக்காரன் நாற்காலியில் நெளிந்தான். எட்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும். அதைச் சொல்ல அவனுக்கு நாலைந்து தரம் சந்தர்ப்பம் கிடைத்தது. ஒவ்வொரு தரமும் சகலை கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது கண்முன் வந்து நின்றது, வாயை மூடிக்கொண்டான்.

"அடுப்பு எந்தப் பக்கம்? காத்து எங்கேருந்து வரும்? வீட்டைச் சொல்லு," என்றார் அண்ணன்.

இந்த இடத்தில்தான் அவன் செய்யக் கூடாததைச் செய்தான். வீட்டைச் சொல்லு என்றால் மற்றவர்கள் வாயால் சொல்வார்கள். இவன் பென்சிலை எடுத்துவிட்டான். வீட்டுக்காரம்மா அனுப்பியிருந்த படங்களும் அளவுகளும் அவனுக்கு மனப்பாடம். சமையலறை, கூடம், முன்னறையில் இரண்டு கட்டில் என்று கை தன்பாட்டுக்கு ஓடியது. பின்னறைக்கு வந்தபோது கை நின்றது. அங்கே நிஜத்தில் ஆறு கட்டில், சுவருக்கு மூன்றாக. மேற்குச் சுவரில் மூன்று வரைந்தான். கிழக்குச் சுவரில் ஒன்று வரைந்தான். அதோடு நிறுத்தினால் அந்தச் சுவர் மொட்டையாக நின்றது. அவ்வளவு பெரிய இடத்தைச் சும்மா விட அவன் கண் ஒப்பவில்லை. ஜன்னலுக்கு இடப்பக்கம் ஒரு மேசையும், ஜன்னலைப் பார்த்த மாதிரி ஒரு நாற்காலியும் வரைந்தான். படம் பார்க்க நன்றாக இருந்தது. எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

அண்ணன் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்னமா போடறான் பாரு," என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, நோட்டுக்குள் மடிக்காமல் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் நான்கு அட்டைப் பெட்டிகளோடு அண்ணன் வந்தார். பருப்பு, மசாலா, கழுவித் துடைத்த காய், பொட்டலம் பொட்டலமாக எல்லாம் நாள்வாரியாகக் கட்டப்பட்டு, மேலே கரியால் எழுதினதுபோன்ற அவர் கையெழுத்து: பயண நாள், ஏறும் நாள், மீன் நாள், மழை நாள். தம்பிக்காரன் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவியின் குரல் கேட்டது.

"லீவு கிடைக்கலையாமே மாமா? நீங்களும் வந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்."

இரண்டு பொய்யும் ஒரே கூடத்தில் நேருக்கு நேர் வந்துவிட்டன. இனி தப்பிக்க வழியில்லை என்று கண்ணை மூடிக்கொண்டான்.

"ஆமாம்மா," என்றார் அண்ணன், கொஞ்சமும் தயங்காமல். "கேன்டீன்ல ரெண்டு பேர் காய்ச்சல்னு படுத்துட்டாங்க. விட மாட்டேங்கறாங்க."

அவனுக்குப் புரியவில்லை. தம்பி கூப்பிடவில்லை என்று சொல்லிக்கொள்ள அவருக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்திருக்கும் என்று தானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டான். நிம்மதி வர வேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்துகொண்டு நெஞ்சைக் குறுகுறு என்று அரித்தது. கூடத்துக்கு வந்தவனிடம் அண்ணன் பெட்டிகளைக் காட்டினார்.

"தம்பி, முதல் நாள் பெட்டி மேல இருக்கு. இறக்கும்போது கவுத்துடாதே."

தம்பி என்றார். கொசு என்று சொல்லவில்லை. போகும்வரை ஒரு தரமும் சொல்லவில்லை. கடைசியில் அவருக்கும் புத்தி வந்துவிட்டது என்று ஒரு கணம் அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பிற்பாடு நினைத்தபோதெல்லாம் அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பிள்ளைகள் இரண்டும் வண்டி நிற்பதற்குள் குதித்துத் தண்ணீரைப் பார்க்க ஓடின. பெண்கள் சமையலறைக்குள் போய்ப் பருப்பை ஊறவைத்தார்கள். தம்பிக்காரன் பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னறைக் கதவைத் திறந்தான். வரும் வழியெல்லாம் அவனுக்கு ஒரே கவலைதான்: இரண்டு கட்டில் காலியாகக் கிடப்பதைப் பார்த்து மனைவி வாய்விட்டு ஏதாவது சொல்வாள், அதற்கு மூன்றாவதாக ஒரு பொய் தயார் செய்ய வேண்டும்.

அறையில் நான்கு கட்டில்தான் இருந்தன. மேற்குச் சுவரில் மூன்று, கிழக்கில் ஒன்று. ஜன்னலுக்கு இடப்பக்கம் ஒரு மேசை. ஜன்னலைப் பார்த்த மாதிரி ஒரு நாற்காலி.

பை கையிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்தது.

"சரியா இருக்கான்னு பாத்துக்குங்க," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. வீட்டுக்காரம்மா, கையில் போர்வைகளோடு. "உங்க அண்ணன் சொன்ன மாதிரியேதான் போட்டிருக்கோம்."

"எங்க அண்ணனா?"

"செவ்வாய்க்கிழமை உங்களுக்குப் போன் பண்ணேங்க, எடுக்கலை. படிவத்துல ரெண்டாவதா ஒரு நம்பர் எழுதியிருந்தீங்கல்ல, அதுக்குப் பண்ணேன். எட்டுக் கட்டிலுக்கும் விரிப்பு போடணுமா, ஆறுக்குப் போதுமான்னு கேக்கத்தான்."

அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்று எந்தப் படிவத்தில் கேட்டிருந்தாலும் அவன் எழுதுவது ஒரே எண்தான். பள்ளி விடுதியில் சேர்ந்தபோதும், வேலைக்குச் சேர்ந்தபோதும், மகளைப் பள்ளியில் சேர்த்தபோதும் அதைத்தான் எழுதினான். அண்ணன் எண் மாறினபோதெல்லாம் அவனும் மாற்றி எழுதினான். பண்ணை வீட்டுப் படிவத்திலும் கை எழுதிவிட்டது. யாருக்குத் தெரியக் கூடாது என்று மறைத்தானோ அவருக்கே வழி போட்டுக் கொடுத்திருக்கிறான், அது நினைவுகூட இல்லாமல்.

"எட்டா இருக்குன்னு திருப்பிக் கேட்டார்," என்றாள் வீட்டுக்காரம்மா. "ஆமான்னேன். ரெண்டை எடுத்து வேற எங்கயாவது போட முடியுமான்னார். கிடக்கட்டுமேங்கன்னேன். இல்லம்மா, என் தம்பி படம் போட்டிருக்கான், அந்த இடத்துல மேசை இருக்கு, அவன் படம் போட்டா தப்பா இருக்காது, மேசையைப் போட்டுடுங்கன்னார். எங்ககிட்ட மேசை ஏது? பக்கத்துத் தோட்டத்துல இரவல் வாங்கிட்டு வந்தோம். ஏதோ எழுதற வேலை இருக்கும்போலன்னு நினைச்சேன்."

"ஆமா," என்றான். வேறு என்ன சொல்ல முடியும்?

அவள் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்தான். கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்குக்கூடப் பிடித்தவனின் முகத்தைப் பார்க்கக் கிடைக்கும். இவனுக்கு மேசைதான் கிடைத்தது. அண்ணனுக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும். தெரிந்துதான் வியாழக்கிழமை பெட்டி கட்டிக்கொண்டு வந்தார். தெரிந்துதான் எல்லாவற்றையும் ஆறு பேருக்கே அளந்து போட்டார். தெரிந்துதான் மனைவியிடம் காய்ச்சல் கதை சொன்னார். திட்டியிருக்கலாம், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதையெல்லாம் விட்டுவிட்டுத் தம்பியின் பொய்யை நிஜமாக்க ஆள் வைத்துக் கட்டிலை நகர்த்தியிருக்கிறார். அவனுக்கு முகமெல்லாம் எரிந்தது. நாற்பத்திரண்டு வயதில் தான் இவ்வளவு சின்னவனாக இருக்கிறோமே என்று கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தான்.

சகலை எட்டிப் பார்த்தார். "நல்ல மேசை," என்றார் பாதிக் குரலில். பிறகு, வழக்கம்போல இரண்டு தரம் யோசித்துவிட்டு, "உங்க அண்ணன் வருவார்னு எதிர்பார்த்தேன்," என்றார்.

"லீவு..." என்று ஆரம்பித்தான்.

"எங்க கல்லூரியில அந்த ஜன்னல் கதையை நான் சொல்லாத ஆளே கிடையாது. உண்மையைச் சொன்னா, அதுக்கு முன்னாடி உங்களைக் கொஞ்சம் விறைப்பான மனுஷன்னு நாங்க நினைச்சிருந்தோம். அன்னைக்குத்தான் எங்க வீட்டுல எல்லாருக்கும் உங்களைப் பிடிச்சுப்போச்சு." சொல்லிவிட்டு, முட்டியைத் தேய்த்துக்கொண்டே கூடத்துக்குப் போய்விட்டார்.

தம்பிக்காரன் எழுந்து வெளியே வந்தான். கிணற்றடியில்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். மாட்டுக் கொட்டகைச் சுவரில் இரண்டு கட்டில்கள் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பார்க்காமல் தாண்டிப் போய் அண்ணனைக் கூப்பிட்டான்.

"போய்ச் சேந்தாச்சா? பருப்பை ஊற வச்சாச்சா?" என்றுதான் அண்ணன் போனை எடுத்தார்.

"வச்சாச்சுண்ணே."

"குக்கர்ல மூணு விசில். நாலு விட்டா குழைஞ்சுடும்."

"அண்ணே, மேசையைப் பாத்தேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பாத்திரச் சத்தம், ஆள் சத்தம் எதுவும் இல்லை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வேலை நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரம். கேன்டீன் அமளிதுமளிப்படுகிற நேரம்.

"எங்கண்ணே இருக்கீங்க?"

"வீட்டுலதான். உன் பொண்ணு ஏரின்னு சொன்ன அன்னைக்கே லீவு எழுதிக் கொடுத்துட்டேன். அப்புறம் போய் வேண்டாம்னேன், மாத்து ஆள் போட்டாச்சுன்னுட்டாங்க."

"நான் பொய் சொல்லிட்டேண்ணே."

"ம்."

"இப்பவே கிளம்பி வாங்க. அண்ணியையும் கூட்டிட்டு வாங்க. கட்டிலை எடுத்துப் போடச் சொல்றேன்."

"வேண்டாம்டா." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். "நான் வந்தா நீ என் வாயையே பாத்துட்டு இருப்பே. அன்னைக்கு உன் சகலை வீட்டுலயும் அப்படித்தான் நின்னே. எல்லாரும் சிரிக்கறாங்க, நீ மட்டும் சிரிக்கலை. இன்னும் கொஞ்சம் சொன்னா இவனும் சிரிச்சுடுவான்னு நான் நீட்டிக்கிட்டே போனேன். அந்த ரம்பமெல்லாம் நடக்கவே இல்லை. உனக்காகச் சேத்துச் சொன்னது."

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"நானூறு பேருக்குப் பரிமாறறவன். எந்த முகத்துக்குப் பிடிக்கலைன்னு தெரியாம கரண்டி பிடிக்க முடியுமா?" என்றார் அண்ணன். "எனக்கும் நாலு நாள் நாக்கைக் கட்டிக்கிட்டு உக்கார முடியாது. நீ நிம்மதியா இருந்துட்டு வா. நாளைக்கு முட்டையை ரொம்ப வேகவிடாதே, மஞ்சக்கரு கறுத்துடும்."

போனை வைத்துவிட்டார்.

அவன் வெகு நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது எல்லோரும் கூடத்தில் பாயை விரித்துச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அவன் தட்டில் சோறு போட்டு வைத்திருந்தது. பருப்பு சரியான பதத்தில் இருப்பதாக மனைவியின் அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள்.

"யார்கிட்டங்க இவ்வளவு நேரம்? மாமாவா?" என்று மனைவி கேட்டாள். "லீவு கிடைச்சுடுச்சாமா?"

மூன்றாவது பொய் அவன் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அண்ணன் அதையும் நிஜமாக்கித் தந்திருப்பார்.

"லீவு போட்டுட்டுத்தான் இருந்தார்," என்றான். "நான்தான் அவரைக் கூப்பிடலை. எட்டுக் கட்டில் இருக்கற வீட்டை ஆறுன்னு சொல்லிட்டேன்."

மனைவி பருப்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏன்?"

ஒரு வருஷமாக உள்ளே வைத்துப் பெரிதாக வளர்த்த காரணம் அது. சகலையைப் பார்த்தான், மகளைப் பார்த்தான், பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"உங்க எல்லார் முன்னாடியும் அவர் என்னைக் கொசுன்னு கூப்பிடுவார். அதான்."

வாய்விட்டுச் சொன்ன பிறகு அவ்வளவுதான் இருந்தது அந்தக் காரணம். அதற்குமேல் அதில் ஒன்றுமே இல்லை. யாராவது சிரித்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று அவன் காத்திருந்தான். யாரும் சிரிக்கவில்லை.